நாள்வழிக் கணக்கிலிருந்து நாவல் வரை: ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பேடுகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு வணிகரைக் குறித்து இருவகை எழுத்துகள் நமக்குக் கிடைத்துள்ளன. முதல் வகை, புலவர்கள் அவரைப் பாடியவை. தியாகராச தேசிகர் தமிழில் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ இயற்றினார். கஸ்தூரி ரங்க கவி தெலுங்கில் யாப்பிலக்கண நூல் ஒன்றை எழுதி அதற்கு அவர் பெயரையே சூட்டினார். மூன்று மொழிகளில் பாட்டுடைத் தலைவனாகும் பேறு எந்த வணிகருக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

இரண்டாம் வகை, அந்த வணிகர் தாமே எழுதியும் எழுதுவித்தும் வைத்த தினக்குறிப்புகள். அவற்றை அவர் இலக்கியம் என்று கருதியதற்குச் சான்றில்லை. தம் காலத்துப் புலவர் எவரிடமும் காட்டி அபிப்பிராயம் கேட்டதாகவும் தெரியவில்லை. கடைக் கணக்கோடும் கடிதக் கட்டோடும் அவை வீட்டிலேயே இருந்தன.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, கோவையை ஆய்வாளரன்றிப் பிறர் திறப்பதில்லை. குறிப்பேடுகளோ பன்னிரண்டு தொகுதிகளாக அச்சில் நிற்கின்றன. அவற்றின் வயிற்றில் இரண்டு பெரிய நாவல்கள் பிறந்திருக்கின்றன. இலக்கியம் என்று எண்ணிச் செய்தது ஒதுங்கிப்போக, எண்ணாமல் செய்தது இலக்கியத்துக்கு ஊற்றான இந்த விந்தையை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

*

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தாய்மாமன் முறையினரான நைனியப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவர் அழைப்பின் பேரில் பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் பெயர்ந்தார். இரு மொழி அறிந்தவர் என்ற பொருளில் ‘துவிபாஷி’ என்பது ‘துபாஷி’ ஆயிற்று என்பர். ஆனால் துபாஷியின் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதில்லை. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி கொள்முதல் செய்வது, உள்ளூர் வணிகரைக் கும்பினியோடு இணைப்பது, நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் கடிதம் எழுதுவது, வந்த கடிதத்தைக் கவர்னருக்குப் பொருள் சொல்வது, ஊரின் சாதி வழக்குகளில் தலையிடுவது ஆகிய அனைத்தும் அவன் தலையில் விழும். துரைக்குச் சினம் வந்தாலும் முதல் அடி அவன் தலையில்தான் விழும்.

நைனியப் பிள்ளையின் முடிவே அதற்குச் சான்று. கவர்னர் ஒருவரின் காலத்தில் தலைமைத் துபாஷியாக வீற்றிருந்த அவர், அடுத்த மாற்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டு, 1717ஆம் ஆண்டு சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப் பிள்ளை பிரான்சு வரை சென்று நியாயம் கேட்டு, கிறித்தவராகி, அரச விருதும் பெற்றுத் திரும்பினார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சிறுவன்தான் ஆனந்தரங்கன். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைத்திருப்பது ஒரு துபாஷிக் குடும்பத்துக்கு எத்தகைய காப்பு என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருப்பார் என்று கருதத் தோன்றுகிறது. குறிப்பேட்டின் பிறப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் அச்சமும் அவற்றுள் ஒன்று என்பது நம் எண்ணம்.

குறிப்புகள் 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்குகின்றன. காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும் கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதப்போவதாக அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். காப்புச் செய்யுள் இல்லை, அவையடக்கம் இல்லை. தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும் தேதியும் ஒருபுறம், ஐரோப்பியத் தேதி மறுபுறம். பிறகு நேராகச் செய்தி.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? காவிய மரபிலிருந்து வந்ததன்று, கடையிலிருந்து வந்தது. நம் வணிகரிடம் நாள்வழி, பேரேடு என்று இருவகைக் கணக்கு உண்டு. அன்றன்று நடந்த வரவு செலவை நடந்த வரிசையிலேயே பதிவது நாள்வழி. பின்பு ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பிள்ளையின் குறிப்பேடு நாள்வழிக் கணக்கின் உடன்பிறப்பு. கப்பல் வந்தால் எத்தனை குண்டு போட்டார்கள் என்று எண்ணி எழுதுகிறார். ஒருவருக்கு மரியாதை செய்யப்பட்டால் சால்வை என்ன, வராகன் எவ்வளவு, வெற்றிலை பாக்கு யார் கையால் கொடுக்கப்பட்டது, பன்னீர் தெளித்தார்களா என்று பதிகிறார். பீரங்கி முழக்கத்தின் எண்ணிக்கை குறைந்தால் மரியாதை குறைந்தது என்று பொருள். வணிகர் பணத்தை எண்ணுவதுபோல அவர் மதிப்பை எண்ணிக்கொண்டிருந்தார்.

இலக்கிய மாணவருக்கு இத்தகைய விவரம் முதலில் சலிப்பூட்டும். நாற்பது பக்கம் படித்த பிறகு ஒரு மாற்றம் நிகழும். ஒரு நாள் கடற்கரையில் கூட்டம் நிற்கிறது. கப்பல் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. அது நம்முடையதா இங்கிலீசுக்காரருடையதா என்று யாருக்கும் தெரியவில்லை. நாமும் அக்கூட்டத்தில் நிற்கத் தொடங்கிவிடுகிறோம். வரலாற்று நூலில் எல்லாருக்கும் முடிவு தெரியும். நாள்வழியில் எழுதுபவனுக்கே நாளைய செய்தி தெரியாது. கதைசொல்லிகள் பெரும்பாடுபட்டு வரவழைக்க முயலும் அந்த எதிர்பார்ப்பு இங்கே முயற்சியின்றி நிற்கிறது.

*

பிள்ளையின் காலம் சாதாரணமான காலமன்று. 1740ஆம் ஆண்டு மராட்டியர் படையெடுப்பில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலி கொல்லப்பட, அவர் குடும்பத்தார் புதுச்சேரிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். 1742இல் டூப்ளே கவர்னராக வந்தார். 1746இல் லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிடித்த கோட்டை யாருக்கு என்பதில் அவருக்கும் டூப்ளேவுக்கும் பெரும்பூசல் மூண்டது. அதே ஆண்டு தலைமைத் துபாஷி கனகராய முதலியார் காலமாக, அடுத்த ஆண்டில் பிள்ளை அந்தப் பதவிக்கு வந்தார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். 1754இல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். பிள்ளையின் செல்வாக்கும் படிப்படியாகத் தேய்ந்தது. 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் கண்மூடினார். ஒரு பேரரசுக் கனவின் எழுச்சியும் வீழ்ச்சியும் அவருடைய எழுத்துக் காலமாகிய இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன.

இவை யாவும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. குறிப்பேட்டில் இவற்றோடு பாடப்புத்தகம் தள்ளிவிட்ட துணுக்குகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திருடனுக்குக் கொடுத்த தண்டனை, கல்யாணப் பந்தலில் எழுந்த மனத்தாங்கல், அடிமை வியாபாரத்துக்காக ஏழைகளை ஏமாற்றிப் பிடித்த கும்பல், பாக்கு வியாபாரத்தில் நேர்ந்த இழுபறி, டூப்ளேவின் மனைவி யார் யாரிடம் என்னென்ன வாங்கினார் என்ற புகைச்சல். மதாம் டூப்ளே புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர்; தமிழ் அறிந்தவர். துபாஷியின் துணையின்றி ஊர்க்காரரோடு நேரே பேசக்கூடிய பெண்ணைத் துபாஷி வெறுத்ததில் வியப்பென்ன? அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் பிள்ளையின் எழுத்தாணி கூராகிறது. நடுநிலை பிறழ்கிறது. ஆனால் பிறழும் இடத்தில்தான் மனிதர் வெளிப்படுகிறார்.

அவருடைய உரைநடையையும் கவனிக்க வேண்டும். தமிழ் உரைநடை என்று அக்காலத்தில் மதிக்கப்பட்டது இலக்கிய, சாத்திர நூல்களுக்கு எழுந்த உரை. மறுபுறம் பாதிரிமார் சமயப் பணிக்காக எழுதிய நூல்கள் இருந்தன. பிள்ளை எழுதத் தொடங்கியபோது வீரமாமுனிவர் உயிரோடிருந்தார். பிள்ளை இவ்விரண்டு வழியிலும் செல்லவில்லை. சந்தையிலும் கோட்டையிலும் புழங்கிய பேச்சை அப்படியே ஏட்டில் இறக்கினார். வடசொல்லும் பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் தெலுங்கும் அதில் கூச்சமின்றிக் கலந்து நிற்கின்றன. ‘முசே’ என்ற மரியாதைச் சொல் தமிழர் வாயில் எப்படி ஒலித்தது என்பதை அவருடைய எழுத்துக்கூட்டலே நமக்குச் சொல்கிறது. வாக்கியங்கள் நீண்டு செல்லும். ‘என்றும்’, ‘என்று சொன்னதற்கு’ என ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுவிக்கொண்டு, மூச்சு முட்டும்போதுதான் முற்றுப்பெறும்.

தனித்தமிழ்ப் பற்றுடைய நம் ஆசிரியர் தலைமுறைக்கு இந்நடை உவப்பாக இருந்ததில்லை. பிழை மலிந்த கொச்சை என்று ஒதுக்கியவர் உண்டு. ஆனால் கவர்னரும் துபாஷியும் தனியறையில் பேசியதை இவர் கேள்வியும் மறுமொழியுமாக எழுதிக்காட்டும் பக்கங்களைப் பாருங்கள். துரை என்ன கேட்டார், தான் எப்படி நழுவினேன், அவர் எப்போது சிரித்தார், எந்தச் சொல்லுக்கு முகம் மாறினார் என்று வரிசையாக வருகிறது. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879ஆம் ஆண்டில். அதற்கு நூறாண்டுக்கும் முன்பே, நாவலுக்கு வேண்டிய உரையாடலும் காட்சியும் குணச்சித்திரமும் ஒரு வணிகரின் ஏட்டில் கேட்பாரற்றுக் கிடந்தன.

குறிப்பேட்டின் மிகக் கடினமான பக்கங்கள் 1748ஆம் ஆண்டு முற்றுகைக் காலத்தவை. வெளியே ஆங்கிலேயப் படை நிற்க, உள்ளே சேசு சபையாரின் மாதா கோயிலுக்கு அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் கவர்னரின் ஆணையால் இடிக்கப்பட்டது. பாதிரிமார் நெடுநாள் வேண்டிக்கொண்டிருந்தது போர்ச்சூழலில் நிறைவேறிற்று. ஊர்த் தமிழர் கூடிப் பேசுகின்றனர், கலைகின்றனர். தலைமைத் துபாஷியிடம் வருகின்றனர். தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒற்றுமையற்ற ஊராரின்மேல் குறைசொல்கிறார். மதாமின் மேல் குறைசொல்கிறார். தம் பதவியை விட்டுவிடும் எண்ணம் அவருக்கு எழவில்லை. அன்றும் எழுதுகிறார், மறுநாளும் எழுதுகிறார்.

வீர வரலாறு தேடுவோர்க்கு இப்பக்கங்கள் ஏமாற்றம் தரும். நமக்கோ, குறிப்பேட்டின் மதிப்பு இங்கேதான் உச்சம் பெறுவதாகத் தோன்றுகிறது. கோவைத் தலைவனால் இப்படித் தலைகுனிந்து நிற்க முடியாது. யாப்பும் மரபும் அவனை நிற்க விடா. கோவையில் பாட்டுடைத் தலைவனின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு வள்ளலின் பெயரைப் பொருத்தினாலும் பாடல் பெரிதும் சேதமுறாது. குறிப்பேட்டில் ஒரு நாளைக்கூட இன்னொருவருக்குப் பெயர்த்துக் கொடுக்க இயலாது.

*

பிள்ளை மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1846ஆம் ஆண்டு, புதுச்சேரியில் வாழ்ந்த கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் இக்குறிப்பேடுகளை அவர் வழியினர் வீட்டில் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்த அரியேல் மற்றொரு படி எடுத்தார்; அது பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. 1892இல் செய்தி சென்னை அரசை எட்ட, அங்கும் படி எடுக்கப்பட்டது. 1894இல் வின்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1904 தொடங்கி 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. பிரைசும் ரங்காச்சாரியும் தொடங்கிய பணியைப் பின்னர் டாட்வெல் முடித்தார்.

தமிழ் மூலம்? அது புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948ஆம் ஆண்டில். ஆங்கிலப் பெயர்ப்பு முற்றுப்பெற்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகு! அதுவும் முழுமையடையவில்லை. மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பாசிரியர்களாக இருந்து பன்னிரண்டு தொகுதிகளாகத் தமிழில் கொண்டுவந்தது 2019ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலமெல்லாம், தமிழன் ஒருவன் தமிழில் எழுதியதைத் தமிழர் ஆங்கிலத்தில் படித்து அறிந்துகொண்டனர். வேற்றுமொழியாளருக்கு அது வரலாற்றுச் சான்று, ஆகவே தேடினர். நமக்கு அது இலக்கியமுமன்று, சமயமுமன்று, ஆகவே தேடவில்லை. நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ‘உரைநடை வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் ஒற்றை வரியில் பிள்ளை வந்துபோவார். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அவர் பெயரை விடையாக எழுதிய மாணவராகவும், பிறகு அதே வினாவைக் கேட்ட ஆசிரியராகவும் நாம் இருந்திருக்கிறோம். ஏட்டைப் புரட்டியது அதற்கெல்லாம் பின்புதான் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமுண்டு.

புரட்டத் தூண்டியவர் ஒரு நாவலாசிரியர். புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சன் (1945–2018) இக்குறிப்பேடுகளை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரு நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. தமிழில் வரலாற்று நாவல் என்றாலே அரண்மனையும் சுரங்கவழியும் குதிரைக் குளம்பொலியும் என்றிருந்த வழக்கத்தை இவை மாற்றின. இவற்றில் நடுநாயகமாக இருப்பவர் துபாஷி. வாளேந்திய இளவரசன் அல்லர்.

பிரபஞ்சன் குறிப்பேட்டை எப்படிப் பயன்கொண்டார் என்பது எழுத விழைவோர் கற்கத்தக்கது. நிகழ்ச்சிகளை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லும் தொனியையும் எடுத்துக்கொண்டார். மரியாதைச் சொற்களும் வணிகர் பேச்சின் நெளிவும் நாவலின் உரையாடலில் மணக்கின்றன. அதற்கும் மேலாக, பிள்ளை ஒரு வரியில் கடந்துபோன மனிதர்களிடம் அவர் நின்றார். துபாஷியின் ஏட்டில் தாசியும் நெசவாளியும் அடிமையும் செய்தியாக வருவர், பேச மாட்டார்கள். நாவலில் அவர்களுக்கு வாயும் மனமும் கிடைத்தன. பிள்ளைக்குத் தம் மரியாதையே பெரிது. பிரபஞ்சனுக்கு அந்த மரியாதை யார் முதுகில் ஏறி வந்தது என்பது பெரிது. ஏடு சொன்னதைக் கேட்டதோடு, சொல்லாமல் விட்டதையும் கேட்டார். அவ்வாறு கேட்பதற்குக்கூட ஏடு என்ற ஒன்று முதலில் எஞ்சியிருக்க வேண்டும்.

*

படைப்பூக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நம் மரபு கலைமகளையும் கருவிலே அமைந்த திருவையும் விடையாகச் சொல்லும். பிள்ளையின் கதை வேறொரு விடையையும் அருகில் வைக்கிறது. அன்றன்று கேட்டதை அன்றன்றே எழுதுவது, எண்ணிக்கையோடு எழுதுவது, பேசிய சொல்லை மாற்றாமல் எழுதுவது. இவ்வளவுதான். அலங்காரத்தைப் பிற்காலத்தவர் சேர்த்துக்கொள்வர். விவரத்தை அவர்களால் சேர்க்க முடியாது. பன்னீர் தெளித்தார்களா இல்லையா என்பதை இருநூறு ஆண்டுகள் கழித்து எந்தக் கற்பனையாலும் கண்டுபிடிக்க இயலாது.

பிள்ளைக்குப் பின்னும் அவர் குடும்பத்தார் நாட்குறிப்பு எழுதினர். புதுச்சேரியிலேயே காவல் பணியில் இருந்த இரண்டாம் வீரா நாயக்கரும் 1778 முதல் 1792 வரை எழுதினார். ஓர் ஊரில் ஒரு வழக்கமாக அது வேர்விட்டிருந்தது. தமிழகத்தின் மற்ற ஊர்களில் யாரும் எழுதவில்லை என்று நாம் நம்பவில்லை. எழுதப்பட்டவை பரணில் கரையானுக்கும் அடுப்பில் நெருப்பிற்கும் பழைய பேப்பர் கடையில் தராசிற்கும் போயிருக்கும்.

நம் வீட்டிலேயே இது நடந்தது. பாட்டனார் மளிகைக் கடை வைத்திருந்தவர். மை தொட்டு எழுதிய நீண்ட நாள்வழிப் புத்தகங்கள், சிவப்புத் துணி அட்டை போட்டவை, பரணில் அடுக்கியிருந்தன. பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது அவை எடைக்குப் போயின. தமிழ் முதுகலைப் பட்டத்தோடு வாசலில் நின்று தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாம்தாம். அவற்றின் ஓரங்களில் அவர் ஏதோ குறித்து வைப்பார் என்று பிறகு அத்தை சொன்னார்: மழை பெய்த நாள், மாடு ஈன்ற நாள், கடன் கேட்டு வந்தவர் சொன்ன காரணம். புயலடித்த ஓர் ஆண்டில் ஊரில் யார் யாருக்கு அரிசி கடனாகக் கொடுத்தார் என்பதும் அதில் இருந்ததாம். திருப்பித் தந்தவர் பெயருக்கு எதிரே கோடு போடுவாராம். தராதவர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதமாட்டாராம். அந்த வெற்றிடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க இனி வழியில்லை.

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வாழ்ந்த மாளிகை உண்டு. கீழ்த்தளம் தமிழ் வீட்டு மரத்தூண்களோடும் மேல்தளம் பிரெஞ்சுப் பாணித் தூண்களோடும் அமைந்தது. அந்த வழியே செல்லும் நண்பர்கள், அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்பியதும், தத்தம் வீட்டுப் பரணையும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டுகிறோம்.